அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உளி

பழைய வீட்டுச் சமையலறையைப் புதுசாக்கக் கூப்பிடுகிறவர்கள் எனக்கு முதலில் காட்டுவது ஒரு சுவரைத்தான். சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் நிற்கிற சுவர். "இது ஒண்ணு போயிட்டா போதும் மேஸ்திரி, வீடே விசாலமா ஆயிடும்" என்பார்கள். நான் உடனே சுவரைப் பார்க்க மாட்டேன். அண்ணாந்து கூரையைப் பார்ப்பேன். மரக்கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, அவற்றின் தலை எந்தச் சுவருக்குள் போய் முடிகிறது என்று தெரிய வேண்டும். கட்டைகள் சுவருக்கு இணையாக ஓடினால் அந்தச் சுவரைப் பற்றிப் பேசலாம். கட்டைத் தலைகள் அந்தச் சுவருக்குள் நுழைந்திருந்தால் மொட்டைமாடி மொத்தமும் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. அப்போது பேச்சே வேறு.

அப்பா காலத்திலிருந்து எங்களுக்குச் சோறு போடுவது பெங்களூரின் காக்ஸ் டவுன், ஃபிரேசர் டவுன், குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் வீடுகள்தான். அப்பா திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கொத்தனாராக வந்தவர். சுண்ணாம்பு வேலை தெரிந்த கடைசித் தலைமுறை என்று அவரைச் சொல்வார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நானும் என்னிடம் வேலை பார்க்கிற பையன்களும் இன்றைக்கும் சுண்ணாம்பு குழைக்கிறோம். குழைக்கத் தெரியாமல் இந்த வீடுகளில் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

இந்தப் பக்கத்து வீடுகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு ஒரு கதை உண்டு. 1898-இல் பெங்களூரில் பிளேக் வந்தது. இந்தப் பேட்டைகள் இருக்கிற தண்டுப் பகுதி (கன்டோன்மென்ட்) அப்போது மைசூர் மகாராஜா நிர்வாகத்தில் இல்லை, வெள்ளைக்காரர்கள் கையில் இருந்தது. 1947-இல்தான் திரும்பி வந்தது. நெருக்கமான பழைய பேட்டைகளில் ஜனங்கள் செத்ததைப் பார்த்த பிறகு, வெளிச்சமும் காற்றும் உள்ள புதுக் குடியிருப்புகளைப் போட ஆரம்பித்தார்கள். மைசூர் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் ஃபிரேசரின் பெயரில் 1910-இல் ஃபிரேசர் டவுன் வந்தது. அந்த வேலையில் இருந்த எஞ்ஜினியர் ஸ்டீபன்ஸ், பிளேக் நுழையாதபடி ஊரைத் திட்டமிடுவது எப்படி என்று 1914-இல் ஒரு புத்தகமே எழுதினார். கலெக்டராக இருந்த காக்ஸின் பெயர் எங்கள் பேட்டைக்கு. அகலமான தெரு, வீட்டைச் சுற்றிக் காலி இடம், கழிவை எடுத்துப் போகப் பின்னால் ஒரு சந்து, எலி ஒளிய இடம் கொடுக்காத கல் தரை. அந்தக் காலத்து யோசனை இது. இன்றைக்கு மாடுலர் கிச்சன் என்று அடியிலிருந்து உச்சிவரை பலகையடித்துப் பெட்டி பெட்டியாக மூடும்போது, எலிக்கும் கரப்பானுக்கும் நூறு வருஷத்துக்கு முன் மறுத்த இடத்தை நாமே திருப்பிக் கொடுக்கிறோம்.

அந்த யோசனையில் சமையலறையின் இடம் முக்கியம். விறகு அடுப்பு, புகை, நெருப்பு பயம் எல்லாம் இருந்ததால் பெரிய வீடுகளில் சமையல் கட்டு பின்னால் தனியாக இருந்தது. நடுவில் ஒரு திறந்த நடை. கேஸ் அடுப்பு வந்த பிறகு நடைக்குக் கூரை போட்டு வீட்டோடு சேர்த்தார்கள். ஆகவே இப்போது "கிச்சன்" என்று சொல்லும் இடத்தில் பல இடங்களில் மூன்று காலத்துக் கட்டுமானம் இருக்கும். வீட்டுப் பக்கம் செங்கல்லும் சுண்ணாம்பும், மேலே மெட்ராஸ் டெரஸ். நடுவில் அறுபதுகளிலோ எழுபதுகளிலோ போட்ட கான்கிரீட் சிலாப். பின்பக்கம் பழைய சமையல் கட்டு. அதற்கு ஜாக் ஆர்ச் கூரையோ, மங்களூர் ஓடோ, கல் சப்படியோ. மூன்றுக்கும் அஸ்திவாரம் தனித்தனி. இறங்கும் அளவும் தனித்தனி. அந்தச் சேர்க்கையில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடாத வீட்டை நான் பார்த்ததில்லை.

விரிசலைக் கண்டதும் பூசி மறைக்கச் சொல்வார்கள். பூச மாட்டேன். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போட்டு ஒட்டித் தேதி எழுதிவிடுவேன். ஒரு மழைக்காலம் தாண்டியும் கண்ணாடி உடையவில்லை என்றால் அது பழைய விரிசல், கட்டடம் இறங்க வேண்டிய அளவு இறங்கி நின்றுவிட்டது. உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அடியில் எங்கோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது சமையலறைச் சாக்கடைதான். பழைய ஸ்டோன்வேர் குழாயின் இணைப்பு விட்டுப்போய், மரத்தின் வேர் உள்ளே நுழைந்து, கழிவு நீர் மொத்தமும் அஸ்திவாரத்தின் ஓரமாக ஊறிக்கொண்டிருக்கும். குழாயைச் சரி செய்யாமல் சுவரைச் சரி செய்வது வீண் செலவு.

வீலர் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், 1930-களில் கட்டிய வீடு ஒன்று. வீட்டுக்கார அம்மா பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒரு கிச்சன் கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அழகான படம்தான். அதில் நடுச்சுவர் இல்லை. மூலையில் இருந்த புகைக்கூண்டு இல்லை. அந்த இடத்தில் ஃபிரிட்ஜ் நின்றது. சிங்க் அறைக்கு நடுவில் ஒரு மேடையில் இருந்தது. படம் போட்டவர் அறையின் நீள அகலத்தை டேப் பிடித்து அளந்திருந்தார். கூரையைப் பார்த்ததற்கு அடையாளமே இல்லை.

"டீச்சரம்மா, இந்தச் சுவர் மேலதான் உங்க மாடி நிக்குது" என்றேன்.

"இது சும்மா தடுப்புச் சுவர்தான்னு அவங்க சொன்னாங்களேப்பா."

"தடுப்புச் சுவர் 14 அங்குலம் கனமா இருக்குமாம்மா? வாங்க, கட்டையோட தலை எங்க போய் முடியுதுன்னு காட்டறேன். நீங்க ஏணி ஏற வேணாம், நான் டார்ச் அடிக்கிறேன்."

மெட்ராஸ் டெரஸ் எப்படிப் போட்டது என்று தெரிந்தால்தான் அதன் எடை புரியும். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடிக்குள் வரிசையாக அடுக்குவார்கள். அவற்றின் மேல், 1 அங்குலக் கனம் மட்டுமே உள்ள சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலையிலிருந்து கோணலாக, சுண்ணாம்புக் கலவையில் ஒன்றையொன்று அணைத்தபடி வைத்துக்கொண்டே போவார்கள். சென்ட்ரிங் கிடையாது. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு. எல்லாம் சேர்ந்தால் முக்கால் அடிக் கனம் வரும். ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 40 கிலோ.

அந்த வீட்டில் நடுச்சுவருக்கு இரண்டு பக்கத்துக் கட்டைகளும் வந்து உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு பக்கமும் 5 அடிப் பங்கு என்று வைத்தால், 6 அடி அகலத்துக்குத் திறப்பு விட்டாலே 60 சதுர அடி மாடி அதன் மேல் வருகிறது. 2,400 கிலோ. திறப்புக்கு மேலே மிஞ்சும் செங்கல் சுவர் இன்னொரு 1,000 கிலோவுக்கு மேல். மழை நாளில் மாடியில் ஆள் ஏறினால் அது தனி. மூன்றரை டன்னை எங்கே மாற்றி வைக்கப்போகிறோம் என்பதுதான் கேள்வி. சுவரை எடுக்கலாமா கூடாதா என்பது அதற்கு அப்புறம்.

எனக்குக் கணக்குப் போட்டுத் தருகிற ஸ்ட்ரக்சுரல் எஞ்ஜினியர் ஒருவர் உண்டு. அவர் இல்லாமல் நான் சுமக்கிற சுவரில் கை வைப்பதில்லை. மேஸ்திரிக்குக் கண் அனுபவம் இருக்கும், இரும்பின் அளவு கணக்கில்தான் வர வேண்டும். லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பைப் பற்றி அவர்தான் எனக்குச் சொன்னார். 1968 மே 16 அன்று விடியற்காலை 18-ஆவது மாடியில் ஒரு பெண்மணி டீ போட அடுப்பைப் பற்ற வைத்தார். கசிந்திருந்த கேஸ் வெடித்தது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் வெடிப்பில் வெளித் தள்ளப்பட்ட சுவர்ப் பலகைகள், மேல் மாடிகளைச் சுமந்துகொண்டிருந்தவை. அவை போனதும் மேலிருந்த மாடிகள் விழுந்தன, அவை விழுந்த எடையில் கீழிருந்தவையும் விழுந்தன. கட்டடத்தின் ஒரு மூலை உச்சியிலிருந்து தரைவரை சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். நம் வீட்டுக்கும் இருபது மாடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தூண் இல்லாத கட்டடத்தில் சுவர்தான் தூண். ஒரு மாடி வீட்டுக்கும் அதே விதிதான்.

டீச்சரம்மாவிடம் சுவர் முழுவதும் போகாது, 6 அடித் திறப்பு விடலாம், இரண்டு பக்கமும் சுவர் நிற்கட்டும் என்றோம். இரண்டு நாள் யோசித்துச் சரி என்றார். இந்த மாதிரி வேலைக்கு முட்டுக் கொடுத்து மொத்தமாக இடிப்பதைவிட எனக்குப் பிடித்த முறை வேறு. சுவர் நின்றபடியே இருக்க, அதற்குள் இரும்புச் சேனலை நுழைத்துவிட்டு, அப்புறம் அடியில் திறப்பது.

முதலில் திறப்பின் மேல் மட்டத்துக்குக் கோடு போட்டோம். சமையலறைப் பக்கம் மட்டும் 6 அங்குலத்துக்குச் சற்று அதிகமான உயரம், 3 அங்குல ஆழத்துக்குச் சுவரில் ஒரு காடி. 14 அங்குலச் சுவரில் 3 அங்குலம் எடுத்தால் மிச்சம் தாங்கும். பிரேக்கர் மெஷினை உள்ளே விடவில்லை. சுண்ணாம்புச் சுவருக்கு அந்த அதிர்ச்சி ஆகாது. ஓர் இடத்தில் குத்தினால் நாலடி தள்ளிப் பிடிமானம் விட்டுப்போகும். உளியும் சின்னச் சுத்தியலும்தான். செங்கல்லை உடைக்காமல் இணைப்பில் உளியை வைத்து, கலவையைக் கிளறி எடுத்து, கல்லை முழுசாக உருவ வேண்டும். அந்தச் சுவரில் சுண்ணாம்பு நன்றாக இறுகியிருந்தது. உளி பட்டதும் மணி மாதிரி சத்தம் வந்தது. மண் கலவையில் கட்டிய சுவர் என்றால் மந்தமாகத்தான் கேட்கும், சிவப்புப் பொடி கொட்டும். அப்படிப்பட்ட சுவரில் இந்த வேலையையே செய்ய மாட்டோம்.

காடியின் இரண்டு முனையிலும் 9 அங்குலம் உள்ளே தள்ளிக் கான்கிரீட் கட்டை போட்டு ஆற விட்டோம். சேனல் நேராகச் செங்கல்லில் உட்கார்ந்தால் ஓரம் நொறுங்கும். பாரம் பரவி இறங்க ஒரு மெத்தை வேண்டும். ஏழரை அடி நீளம், 6 அங்குலச் சேனல், ஒன்று 37 கிலோ வரும். ரெட் ஆக்சைடு அடித்துக் காய வைத்து, இரண்டு பையன்கள் தூக்கிக் காடிக்குள் சொருகினார்கள். அடியில் இரும்பு ஆப்பு அடித்து, மேலே இருக்கிற செங்கல்லோடு இறுகும்வரை ஏற்றினோம்.

அடுத்ததில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. அப்படி இறுக்கினாலும் சேனலின் மேல்பக்கத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவில் அங்கங்கே இடைவெளி இருக்கும். அதை நிரப்பாமல் விட்டால், பின்னால் அடிச்சுவரை எடுத்ததும் மேல்சுவர் அந்த இடைவெளி அளவுக்கு இறங்கும். இறங்கினால் மாடியில் வெடிப்பு. ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல், தண்ணீர் மிகக் கொஞ்சம். கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, மரத்துண்டு வைத்துச் சுத்தியலால் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். ஓரிடத்திலும் பொந்து இருக்கக் கூடாது. பையன்கள் அவசரப்படும் இடம் இது, ஏனென்றால் வெளியே பார்த்தால் நிரம்பிய மாதிரி தெரியும். நான் கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டே நகர்வேன்.

ஒரு வாரம் விட்டு, சாப்பாட்டு அறைப் பக்கமும் அதே காடி, அதே சேனல். பிறகு சுவருக்குக் குறுக்கே துளையிட்டு, ஒன்றரை அடிக்கு ஒரு போல்ட் போட்டு இரண்டு சேனலையும் ஒன்றாக முடுக்கினோம். அப்புறம் அடிச்சுவர். மேலிருந்து கீழாக, வரிசை வரிசையாக எடுத்து, எடுத்த கல்லைச் சுத்தம் செய்து அடுக்கினோம். அந்தக் காலத்துச் சூளைக் கல், இன்றைக்கு அதே தரத்தில் கிடைப்பது கஷ்டம். நடுவில் தொங்குகிற செங்கல்லைத் தாங்க, சேனலின் அடியில் பட்டைத் தகடுகள் வைத்து வெல்டிங். மேலே தேக்குக் கட்டைகள் இருப்பதால் ஈரச் சாக்கும் வாளித் தண்ணீரும் பக்கத்தில் இல்லாமல் வெல்டரை ஏணி ஏற விடவில்லை. இறங்கினால் தெரிவதற்காக மாடியில் குறுக்கே இழுத்துக் கட்டிய நூல் அப்படியே நின்றது, விரிசல்களில் ஒட்டியிருந்த கண்ணாடிகளும் அப்படியே இருந்தன. டீச்சரம்மா அன்று மத்தியானம் எங்கள் எல்லோருக்கும் சாப்பாடு போட்டார்.

புகைக்கூண்டுக்குக் கம்பெனிப் படத்தில் இடமில்லை என்று சொன்னேன். அது வெறும் மூலைச் செங்கல் இல்லை. அறைக்குள் 4 அடி அகலம், மாடிக்கு மேலே இன்னும் ஓர் ஆள் உயரம். கீழே இருப்பதை மட்டும் உடைத்தால் மேலே இருக்கிற செங்கல் முழுவதும் அந்தரத்தில் நிற்கும். எடுக்க வேண்டுமென்றால் மாடியில் உச்சியிலிருந்து இறக்கிக்கொண்டே வந்து, மாடியில் விழும் ஓட்டையைச் சுண்ணாம்பு ஜல்லியில் அடைத்து, தட்டோடு ஒட்டி, மழைக்கு ஒழுகாமல் பார்க்க வேண்டும். பழைய டெரஸில் புது ஒட்டு என்றாலே எனக்குப் பயம் உண்டு. அதற்குப் பதிலாகப் புகைக்கூண்டையே வேலை வாங்கலாம் என்றேன். உள்ளே கொஞ்சம் வேப்பிலையும் காகிதமும் போட்டுக் கொளுத்திப் பார்த்தோம். புகை மேலே போகாமல் முகத்துக்கே திரும்பி வந்தது. மாடியில் ஏறிப் பார்த்தால், எப்போதோ மழைக்குப் பயந்து உச்சியில் ஒரு கல்லை வைத்து மூடியிருக்கிறார்கள். அடியில் புறாக் கூடு. கல்லை எடுத்து, உள்ளே கரியைச் சுரண்டி, எக்ஸாஸ்டுக்கு 6 அங்குலக் குழாயை அதன் வழியாகவே மேலே கொண்டுபோய், தலையில் மழை விழாத தொப்பி வைத்தோம். விறகு அடுப்பு இருந்த அந்தக் குழிவிலேயே கேஸ் அடுப்பு. சுவரில் புதிதாக ஓட்டை போட வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. இந்த ஒரு விஷயத்தில் பழைய கொத்தனாரை நான் மனதாரக் கும்பிட்டேன்.

டீச்சரம்மா வீட்டுப் பின்பக்கத்து ஜாக் ஆர்ச் கூரை வேறு குணம். 3 அடிக்கு ஒரு இரும்புக் கர்டர், நடுவில் செங்கல் வளைவு. வளைவு தன் பாரத்தைக் கீழே இறக்குவதோடு பக்கத்துக்கும் தள்ளும். நடுவில் இருக்கும் வளைவுகள் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளி நிற்கும். கடைசி வளைவு தள்ளுவதை வெளிச்சுவர்தான் தாங்க வேண்டும். அந்த வெளிச்சுவரில் தோட்டம் தெரிகிற மாதிரி பெரிய ஜன்னல் கேட்பார்கள். வளைவு வந்து உட்காரும் மட்டத்தை ஒட்டிச் சுவரை அறுத்தால், தள்ளுவதை எதிர்க்க ஒன்றும் இல்லாமல் கடைசி வளைவு விரியும். அது விரிந்தால் பக்கத்து வளைவும் தளரும். ஜன்னலை இரண்டாகப் பிரித்து, நடுவில் சுவர் விட்டு, உயரத்தைக் குறைத்துக் கொடுத்தோம். வெளிச்சம் போதுமான அளவு வந்தது. கர்டரின் அடிப்பட்டையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன். சமையல் ஆவி வருஷக்கணக்காகப் பட்டுத் துரு ஏறியிருந்தது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் பக்கத்துச் செங்கல்லை நெட்டித் தள்ளிக் கோடு கோடாக வெடிப்பு விடும். கம்பி பிரஷ் போட்டு அடி இரும்பு தெரியும்வரை தேய்த்துப் பார்த்து, கனம் குறைந்த இடத்தில் தகடு வைத்த பிறகே பெயின்ட்.

எனக்கு உண்மையில் பயம் தருகிற கூரை கல் சப்படி. காக்ஸ் டவுன் சந்துகளிலும் ஜீவனஹள்ளிப் பக்கமும் சின்ன வீடுகளில் இன்னும் இருக்கிறது. 6, 7 அடி நீளக் கருங்கல் பலகைகளைச் சுவருக்குச் சுவர் தூக்கி வைத்து, மேலே சுண்ணாம்பு போட்டது. உள்ளே கம்பி கிடையாது. கருங்கல் நசுக்குவதற்குத் தாங்கும், வளைப்பதற்குத் தாங்காது. மரக்கட்டை முறிவதற்கு முன் முனகும், தொங்கும், பூச்சு உதிரும். ஓடித் தப்பிக்க நேரம் கொடுக்கும். கான்கிரீட் கூட விரிசல் காட்டும். கல் ஒன்றும் சொல்லாமல் முறிந்து விழும். அந்த வீடுகளில் சுவரை நகர்த்தும் பேச்சு வந்தால் நான் வேலையை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று நேரடியாகச் சொல்லிவிடுவேன். அதோடு அங்கே சுவர்கள் பொதுச் சுவர்கள். நம் பக்கத்துக் கல்லும் பக்கத்து வீட்டுக் கல்லும் ஒரே சுவரில் பாதிப் பாதி உட்கார்ந்திருக்கும். நம் சமையலறையில் உளி வைத்தால் அடுத்த வீட்டில் படுத்திருக்கிற குழந்தையின் தலைக்கு மேலே கல் அசையும். "என் வீட்டுச் சுவர், நான் இடிப்பேன்" என்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

டீச்சரம்மா வீட்டுக்குத் திரும்பினால், சிங்க் விஷயம் சுருக்கமானது. 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40-க்கு 1 சரிவு வேண்டும். அறை நடுவிலிருந்து வெளிச்சுவருக்கு 12 அடி என்றால் மூன்றரை அங்குலத்துக்கு மேல் இறக்கம். குழாயின் கனத்தையும் மேல் மூடுவதையும் சேர்த்தால் தரையை முக்கால் அடி தோண்ட வேண்டும். அந்தத் தரை சிவப்பு ஆக்சைடு போட்ட தரை. கால் பட்டுப் பட்டு வழுவழுப்பு ஏறியது. ஒரு தடவை வெட்டினால் அதே நிறத்தில் ஒட்டுப் போட முடியாது. அஸ்திவாரமும் பல வீடுகளில் சைஸ் கல்லில் 2, 3 அடி ஆழம்தான். சுவரை ஒட்டி அதற்கும் கீழே பள்ளம் தோண்டினால் கல்லுக்கு அடியில் இருக்கிற மண் வெளியே வரும். சிங்க் பின்சுவரிலேயே இருக்கட்டும், குழாய் வெளியே ஓடட்டும், பின் சந்துச் சேம்பருக்கு அதுதான் நேர் வழி என்று முடித்துவிட்டோம்.

ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஜனங்கள் அதிகம் பணத்தை இழக்கிறார்கள். இந்த வீடுகளின் சுவர்கள் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அடியில் ஈரத்தடுப்புப் போடாத காலம் அது. உறிஞ்சிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே போய்விடும், அதனால் சுவர் பிழைத்தது. அந்தப் பூச்சைக் கொத்திவிட்டுச் சிமென்ட் பூசி, அதன் மேல் டைல்ஸும் ஒட்டினால் ஈரத்துக்கு வெளியே போக வழியில்லை. மேலே ஏறும். 2 அடியில் நின்ற ஈரம் டைல்ஸ் முடிகிற இடத்துக்கு மேலே உப்புப் பூத்து வெளிவரும். கட்டைத் தலைவரை போனால் தேக்கே இற்றுப்போகும். ஆகவே தண்ணீர் தெறிக்கிற சிங்க் பின்னாலும் அடுப்புப் பின்னாலும் மட்டும் டைல்ஸ். மற்ற இடத்தில் சுண்ணாம்புப் பூச்சு, சுண்ணாம்புப் பெயின்ட். கீழ்ப் பெட்டிகளைச் சுவரோடு ஒட்டாமல், கால் வைத்து, பின்னால் இரண்டு விரல் இடைவெளி விட்டு நிறுத்துவோம். காற்று போகட்டும், விளக்குமாறும் போகட்டும்.

மேல் அலமாரியைச் சுவரில் தொங்கவிடக் கம்பெனி ஆட்கள் ஃபாஸ்டனர் போட வருவார்கள். கான்கிரீட்டுக்காகச் செய்த ஃபாஸ்டனர் சுண்ணாம்பு இணைப்பில் பிடிக்காது. கை வைத்து இழுத்தால் பொடியோடு வரும். பாத்திரம் நிறைந்த அலமாரி தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். டீச்சரம்மா வீட்டில் மேல் அலமாரியின் பாரம் கீழ்த் தரைக்கே இறங்கும்படி இரண்டு ஓரத்திலும் மரக்கால் கொடுத்தோம். கடப்பா கல் திட்டுகளைக் கட்டும்போதே சுவருக்குள் 4 அங்குலம் நுழைத்தோம். ஆசாரிக்கு இன்னொரு தலைவலி, எந்த மூலையும் மூலைமட்டத்துக்கு நிற்காது. தூக்குக்குண்டு விட்டால் மேலுக்கும் கீழுக்கும் ஓர் அங்குலம் வித்தியாசம் காட்டும். பூச்சை ஏற்றி நேராக்கச் சொன்னார். ஓர் அங்குலச் சிமென்ட் பூச்சு என்றால் மேலே சொன்ன ஈரக் கதை திரும்ப வரும். மரச் சட்டத்தை அந்தக் கோணலுக்குச் செதுக்கி ஒட்டிக் கொடுத்தார். நல்ல ஆசாரி.

கேஸுக்கு ஒரு வார்த்தை. சிலிண்டர் கேஸ் காற்றைவிட கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். பழைய சமையலறைகளில் புகைக்காக உச்சியில் வென்டிலேட்டர் இருக்கும், தரை மட்டத்தில் ஒன்றும் இருக்காது. பின் கட்டின் தரை வீட்டுத் தரையைவிட 5 அங்குலம் தாழ்வாகவும் இருந்ததால், கசிகிற கேஸ் அங்கே தேங்கி நிற்கும். சிலிண்டரைப் பின்பக்கம் வெளியே கொண்டுபோய், உள்ளே வெறும் குழாய் மட்டும் விட்டு, தரையை ஒட்டி ஒரு கம்பி வலைத் துவாரம் திறந்தோம். எலி நுழையாத சின்னக் கண் வலை.

எல்லா வேலைக்கும் வீட்டுக்காரர் செலவைக் கேட்பார், கேட்க வேண்டியதுதான். சேனல் முறை, முட்டுக் கொடுத்து ஒரே நாளில் இடிப்பதைவிட நாளும் கூலியும் அதிகம் பிடிக்கும். எஞ்ஜினியருக்குத் தனிப் பணம். சுண்ணாம்புப் பூச்சு காய்கிற வேகத்தில்தான் காயும், கிரகப்பிரவேசத் தேதியைப் பார்த்துக் காயாது. பணமும் நாளும் இல்லை என்றால் அதைக் கேட்டுக்கொண்டு திறப்பே வேண்டாம் என்று சொல்வேன். பெட்டி, மேடை, விளக்கு, குழாய் இவற்றை மாற்றினாலே சமையலறை பாதி புதுசாகிவிடும். பாதி வழியில் பணம் தீர்ந்து, முட்டுக் கொடுத்தபடி நிறுத்திவைத்த சுவர்களை இந்தப் பேட்டையில் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் ஆட்கள் தூங்குகிறார்கள் என்ற நினைப்பு எனக்கு ரொம்ப நாள் போகவில்லை.

வேலை முடிந்ததும் ஒரு முழுத்தாளில் படம் போட்டுக் கொடுப்பது என் வழக்கம். சேனல் எந்த மட்டத்தில், எவ்வளவு நீளம், போல்ட் எங்கெங்கே, கழிவுக் குழாய் எந்த ஓரமாகப் போகிறது, எந்தச் சுவர் சுமக்கிறது, எந்தச் சுவர் சுமக்கவில்லை, எல்லாம் அளவோடு. டீச்சரம்மாவிடம் கொடுத்தபோது எங்கே வைப்பது என்று கேட்டார். வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள் என்றேன். உளியோடு அடுத்து வரப்போகிறவனுக்கு அது தேவைப்படும். செராக்ஸ் ஒன்று என்னிடமும் இருக்கிறது.